பதினாலாம் நம்பர் மெஷின் முன்னால் இரண்டு பேர்

ஷைனிக்கு லோகுவைக் கண்டாலே ஆகாது. லோகுவுக்கும் அவளைக் கண்டால் அதே கதைதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் வண்டிகளின் பின்விளக்குக்குச் சிவப்பு பிளாஸ்டிக் மூடி அடிக்கும் கம்பெனியில், பதினாலாம் நம்பர் மெஷினில், அவன் ஷிப்ட் முடித்து இறங்கினால் இவள் ஏறுவாள். ஆறு வருஷம் இப்படி ஏறி இறங்கியும் இரண்டு பேரும் நல்லபடியாகப் பேசிக்கொண்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். பீஸ் உடைந்தால் அவன் இவளைச் சொல்வான். ஆயில் கசிந்தால் இவள் அவனைச் சொல்வாள். இப்பேர்ப்பட்ட இருவர்தான் சேர்ந்து கம்பெனி மேல் லேபர் ஆபீசில் மனு கொடுத்திருந்தார்கள்.

சேர்ந்து என்றால் ஆசைப்பட்டுச் சேரவில்லை. எங்களை காண்ட்ராக்டிலேயே வைத்திருக்கிறார்கள், பர்மனென்ட் ஆக்க வேண்டும் என்று ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசியதில் ஏழு பேர் நழுவிவிட்டார்கள். மிஞ்சியது இவர்கள் இருவரும். இதற்குக் கம்பெனி கொடுத்த பதிலைப் படித்தபோது ஷைனிக்கு வயிறு எரிந்தது. ‘இவ்விருவரும் தோட்டம் மற்றும் துப்புரவுப் பணிக்காக காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். எந்த மெஷினையும் இயக்கியதில்லை.’ அதற்குக் கீழே, ‘இவர்களை உற்பத்திப் பகுதியில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை’ என்று கையெழுத்துப் போட்டிருந்தவன் சூப்பர்வைசர் பரசுராமன். ஆறு வருஷமாக அவள் தலைக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவன். மனு போன மறுநாளே இருவரையும் மெஷினிலிருந்து இறக்கிக் கையில் துடைப்பத்தைக் கொடுத்தவனும் அவன்தான்.

எழுத்தில் எதுவும் இல்லை. கேட் பாஸில்கூட ‘ஹவுஸ்கீப்பிங்’ என்றுதான் அடித்திருக்கிறது. போன்களைத் தினமும் கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். யூனியன் வக்கீல் வரதன் பொறுமையாகத்தான் கேட்டார்.

“மெஷின்ல நீங்க நிக்கற மாதிரி ஒரு போட்டோ கூடவா இல்ல?”

இருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று ஒவ்வொரு மெஷினையும் அதில் வேலை செய்பவர்களே கழுவித் துடைத்து, மாவிலை கட்டி, சீரியல் செட் போட்டு, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது அந்தக் கம்பெனி வழக்கம். அன்று ஒருநாள் மட்டும் குடும்பத்தையும் உள்ளே விடுவார்கள், போனையும் விடுவார்கள். ஷைனி கிறிஸ்தவப் பெண். பொட்டு வைக்கும் வேலையை லோகுவுக்கு விட்டுவிட்டு, கழுவுவதை மட்டும் அவள் பார்த்துக்கொள்வாள். கம்பெனி கூட்டிவரும் போட்டோக்காரர் எடுத்த படம் நாலு வருஷத்தது அவளிடம் இருந்தது. எடுத்துக்கொண்டு போய் வரதன் மேஜையில் பரப்பினாள்.

நாலு படத்திலும் அலங்காரம் ஜொலித்தது. வாழை இலையின் நரம்பு தெரிந்தது, பல்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன, சுற்றிக் கட்டிய பல்பு வெளிச்சத்தில் மெஷின் நெற்றியில் பெயின்டில் எழுதிய 14 பளிச்சென்று தெரிந்தது. முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். கன்னம் இல்லை, கண் இல்லை, மூக்கு இல்லை. கரித்துண்டில் வெட்டி ஒட்டியது போல் இரண்டு உருவம்.

“இது யாரும்மா?” என்றார் வரதன்.

“நாந்தான் சார். அது லோகு.”

“நீங்க சொல்றீங்க. கம்பெனிக்காரன், இது எங்க வாட்ச்மேனும் அவன் பொண்டாட்டியும்னு சொல்வானே.”

போட்டோக்காரர் மேல் அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கம்பெனிக்காரன் கொடுத்த கூலிக்கு அவன் கம்பெனிக்காரனின் அலங்காரத்தை எடுத்திருக்கிறான். எதிரில் நின்ற மனிதர்கள் அவன் கணக்கிலேயே வரவில்லை. பதினாலாம் நம்பர் மெஷினுக்குப் பின்னால் லோடு ஏற்றும் பெரிய ஷட்டர் இருக்கிறது. பூஜையன்று காலையில் அதை முழுக்கத் தூக்கிவிட்டு, அதன் குறுக்கே சீரியல் செட்டைத் திரை மாதிரி தொங்கவிடுவார்கள். கிழக்கு வெயிலும் பல்பும் சேர்ந்து பின்னாலிருந்து அடிக்கும். அந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடி எடுத்தால் முன்னால் நிற்பவன் கறுத்துத்தான் போவான்.

அடுத்த விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஆயுத பூஜை அதற்கு நாலு நாள் முன்னால் வந்தது. வேறு வழியில்லை. முகமும் தெரிய வேண்டும், நம்பரும் தெரிய வேண்டும்.

ஷைனியின் அத்திப்பட்டு வீட்டில் ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. கிறிஸ்துமஸ் சீரியல் செட்டைப் பரணிலிருந்து இறக்கி ஜன்னலில் கட்டி, அதன் முன்னால் அம்மா சாராளை உட்கார வைத்தாள். மெஷின் நம்பருக்குப் பதிலாக ஜன்னல் கம்பியில் காலண்டரையும் மாட்டினாள். பழைய போன், திரையில் தொட்ட இடத்தில் மஞ்சள் கட்டம் வரும், பக்கத்தில் சின்னச் சூரியன் வரும். ஜன்னலைத் தொட்டால் காலண்டரின் தேதி தெளிவாக விழுந்தது, அம்மா கறுத்துப்போனாள். அம்மா முகத்தைத் தொட்டால் முகம் வந்தது, ஜன்னல் வெளுத்துக் காலண்டர் காணாமல் போனது. சூரியனை மேலே தள்ளியும் கீழே இழுத்தும் பார்த்துவிட்டாள். ஒன்று வந்தால் ஒன்று போனது.

“எம்மூஞ்சி இன்னாடி அடுப்புக்கரி மாரி கீது? பெத்தவள எடுக்கற லட்சணமா இது?” என்று சாராள் எழுந்து போய்விட்டாள்.

பூஜையன்று காலை ஒன்பதரைக்கு ஷைனி உள்ளே போனபோது பதினாலாம் நம்பரைப் புதிதாக வந்த இரண்டு பையன்கள் அலங்கரித்து முடித்திருந்தார்கள். அவள் கழுவ வேண்டிய மெஷின். இடுக்கில் ஆயில் பிசுக்கு அப்படியே இருந்ததைப் பார்த்தபோது அவளுக்குக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டாள். லோகு எளாவூரிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து தூணோரம் நின்றிருந்தான். அவனிடம் இருப்பது பட்டன் போன். ஆகையால் ஷைனியின் போனைத்தான் நம்பியாக வேண்டும், அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

“யாரு முதல்ல?” என்றான்.

“நாந்தான். போனு என்னுது.”

“உன்னுத எடுத்துக்கினு நீ பாட்டுக்கு போய்ட்டேன்னா?”

“போவ மாட்டேன்.”

“சத்தியம் பண்ணு.”

“சத்தியம் பண்ணக் கூடாதுன்னு எங்க வேதத்துல கீது. நம்பினா நம்பு, நம்பாங்காட்டி கெடக்குது.”

எல்லாரும் பொரி கடலைக்காக கேன்டீன் பக்கம் கூடியிருந்த நேரம் பார்த்து ஷைனி மெஷின் முன்னால் போய் நின்றாள். லோகு போனை வாங்கி, சூடான பாத்திரத்தைப் பிடிப்பது போல் இரண்டு விரலில் பிடித்தான். முதல் படத்தில் 14 இருந்தது, அவள் இல்லை. “மூஞ்சிய தொட்டு எடுயா” என்று பல்லைக் கடித்தாள். இரண்டாவதில் அவள் இருந்தாள், பின்னால் ஒரே வெள்ளை. மெஷின் நின்ற இடத்தில் பால் கொட்டியது போல் இருந்தது.

“உங்கூட பேஜாரா பூடுச்சிம்மா. தொடுங்கறே, தொட்டா தப்புங்கறே. இதுக்கு மேல எனக்குத் தெரியாது” என்று லோகு முறைத்தான்.

அவள் அவனைத் திட்ட வாயைத் திறந்தாள்; அப்போதுதான் அந்தப் பக்கம் இன்ஸ்பெக்‌ஷன் டேபிள் கண்ணில் பட்டது. சிவப்பு மூடியை லைட்டுக்கு எதிரில் தூக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் தூசி கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும். அந்தப் புள்ளி தூசியா, கீறலா, குமிழா என்று பார்க்க, முன்பக்கம் இருந்து வெள்ளை லேம்ப் அடிக்க வேண்டும். ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மூடிகளை அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் முகத்துக்கு மட்டும் அது தோன்றாமல் போயிருந்தது. தன்னையே மடச்சி என்று திட்டிக்கொண்டு, சக்கர ஸ்டாண்டில் இருந்த அந்த லேம்ப்பை உருட்டிக்கொண்டு வந்தாள்.

லேம்ப்பைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, போனுக்குள் விழாதபடி ஓரமாக நிறுத்தினாள். “இப்ப பின்னாடி நம்பரத் தொடு. தொட்டுட்டு அமுக்கு” என்றாள். லோகு அமுக்கினான். அவன் முறைக்காமல் போனை நீட்டியதிலிருந்தே தெரிந்துவிட்டது. வலது புருவத்தின் தழும்பு வரைக்கும் அவள் முகம் வந்திருந்தது. தலைக்கு மேல் 14 வந்திருந்தது. பல்புகள்கூடப் பல்புகளாகவே இருந்தன. நாலு வருஷத்துக் கரி ஒரே நொடியில் துடைத்தாற்போல் போய்விட்டது. ஷைனிக்கு அழுகை வந்தது. லோகு முன்னால் அழுவதாவது என்று விழுங்கிக்கொண்டாள்.

லோகு போய் மெஷின் முன்னால் நின்றான். வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். “தலையத் தூக்கு. கீழ இன்னா காசா கொட்டிக் கெடக்குது” என்று அவள் அதட்டிக்கொண்டிருந்தபோது லேம்ப் அணைந்தது.

பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான் பரசுராமன். பூஜைக்காக வேட்டியும் கஞ்சி மொடமொடக்கும் புது வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தான். அவனுக்குச் சுற்றுப்பட்டில் பத்து ஏக்கர் நஞ்சை. சூப்பர்வைசர் வேலை கௌரவத்துக்கு. என்ன நடக்கிறது என்று அவனுக்கு ஒரு பார்வையிலேயே புரிந்துவிட்டது.

“உனுக்கு எடுத்தாச்சு இல்ல?” என்று ஷைனியிடம் தணிந்த குரலில் கேட்டான். “போய்க்கினே இரு. நான் எதையும் பாக்கல. இவன் கதைய நான் பாத்துக்கறேன். இங்கயே நின்னேன்னா செக்யூரிட்டிய கூப்புடுவேன், போனே போயிடும். யோசிச்சுக்கோ.”

உள்ளதைச் சொல்ல வேண்டும். அவள் யோசித்தாள். போன் போய்விட்டால் அவள் முகமும் அதோடு போய்விடும். லோகு யார்? உறவா, முறையா? அவன் இவள் இடத்தில் இருந்திருந்தால் இந்நேரம் எளாவூர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். எட்டு, பத்து அடி நடந்திருப்பாள்.

அவள் போய்விட்டாள் என்றே பரசுராமன் நினைத்துவிட்டான். லோகுவுக்கு எதிரில் போய் நின்று அவன் குரலை உயர்த்தியது பின்னால் கேட்டது.

“உங்கப்பன் எங்க கழனில நாப்பது வருசம் வேல செஞ்சவன்டா. ஒருநா எங்க மூஞ்சிய நிமுந்து பாத்து பேசினதில்ல. அவனுக்குப் பொறந்துட்டு நீ எனுக்கு எதிரா கேஸ் போடறியா?”

ஷைனியின் கால் நின்றுவிட்டது. அவள் தாத்தாவும் இப்படி யாருடைய கழனியிலோ குனிந்து நின்றவர்தான். அந்தப் பேச்சு லோகுவுக்கு மட்டும் சொன்னது இல்லை என்று அவளுக்குப் பட்டது. லோகு மேல் இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். பரசுராமன் மேல் வெறுப்பு வந்தது, அது லோகு மேல் இருந்த வெறுப்பைவிடப் பெரிதாக இருந்தது. திரும்பினாள். போனைத் தூக்கினாள்.

லேம்ப் இல்லாத முகம் கறுத்துத்தான் இருக்கும் என்று தெரிந்தேதான் தூக்கினாள். திரையில் பார்த்தவளுக்கு நம்ப முடியவில்லை. ஷட்டர் வழியாக வந்த வெயில் நேராகப் பரசுராமனின் வெள்ளைச் சட்டையில் விழுந்து, அங்கிருந்து திரும்பி லோகுவின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் ஒரு சாண் தள்ளி நின்று விரலை நீட்ட நீட்ட, லோகுவின் முகம் இன்னும் வெளுத்துக்கொண்டு வந்தது. லோகுவோ, அப்பன் பேச்சு வந்ததும், பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் தலையை நிமிர்த்திப் பரசுராமனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தான். ஷைனி நம்பரைத் தொட்டாள், அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். அங்கே நின்றபடியே இரண்டு பேர் படத்தையும் வரதன் நம்பருக்கு அனுப்பினாள். அதற்கப்புறம் செக்யூரிட்டி வந்து போனைப் பிடுங்கினான்; தாராளமாகக் கொடுத்தாள்.

திருவள்ளூர் லேபர் ஆபீசில் விசாரணையன்று, அதிகாரி அம்மா முதலில் ஷைனியின் படத்தைத்தான் கையில் எடுத்தார். ஷைனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கம்பெனி வக்கீல் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“மேடம், அன்னைக்கு குடும்பம் குட்டியோட நூறு பேர் வந்து எல்லா மெஷின் முன்னாடியும் நின்னு படம் புடிச்சாங்க. ஐஸ் விக்கறவன்கூட எடுத்துக்கினான். அதுக்காக அவனும் ஆபரேட்டரா?”

அதிகாரி தலையை ஆட்டிவிட்டுப் படத்தைக் கீழே வைத்தார். ஒரு வாரம் அம்மாவை ஜன்னலில் உட்கார வைத்து எடுத்த பாடு, லேம்ப்பை உருட்டிய பாடு, எல்லாம் வீண். அந்த வக்கீல் சொன்னதும் நியாயம் மாதிரியே இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் லோகு பெருமூச்சு விட்டான். அந்த மூச்சுகூட அவளுக்குக் குத்திக்காட்டுவது போல் கேட்டது.

அதிகாரி இரண்டாவது படத்தை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அதைப் பரசுராமன் பக்கம் திருப்பி வைத்தார்.

“இது நீங்கதானே?”

பக்கவாட்டில் நின்றாலும், நீட்டிய விரலும் திறந்த வாயும் மோதிரமும் வரைக்கும் அவன் அதில் தெளிவாக இருந்தான். எதிரில் லோகு. நடுவில் 14.

“நாந்தான்.”

“இந்த ரெண்டு பேரையும் அந்தப் பகுதியில ஒருநாளும் பார்த்ததே இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. பார்த்ததே இல்லாத ஆளை, நல்ல நாளும் அதுவுமா, எதுக்கு இப்படி நிக்க வச்சுத் திட்டறீங்க?”

கம்பெனி வக்கீல் அவசரமாக வாயைத் திறந்தார். ஆனால் பரசுராமனுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். எதிரில் லோகு அந்தப் படத்தில் பார்த்தது மாதிரியே இப்போதும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்குப் பொறுக்கவில்லை.

“பின்ன இன்னா மேடம்? இன்ஸ்பெக்‌ஷன் லேம்ப்ப டேபிளாண்டருந்து நகத்தாதீங்கன்னு ஆறு வருசமா தொண்டத் தண்ணி வத்த கத்திக்கினு கீறேன். ரெண்டுங்களும் என்னிக்காவது கேட்டுதுங்களா?”

கம்பெனி வக்கீல் தன் பைலை மெதுவாக மூடினார். அதிகாரி யாரிடமும் சொல்லாமல் தானே பேனாவை எடுத்து எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார். “ஆறு வருஷமாக. இரண்டு பேரும்.” படித்துவிட்டுக் கையெழுத்துக்காகத் தாளைப் பரசுராமன் முன்னால் நகர்த்தினார்.

“இன்னா சொன்னான்?” என்று புரியாமல் லோகு ஷைனியின் காதில் கேட்டான்.

அவள் கண் அந்தத் தாளில் இருந்தது. ஆறு வருஷத்தில் பரசுராமன் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது. அதையும் அவன் திட்டிக்கொண்டேதான் கொடுத்தான்.